சாமான் இறக்கும் கல்

எங்கள் பாடசாலையில் சுற்றுலா என்றால் அது என் தலையில்தான் விழும். பொகவந்தலாவைக்கு மேலே இருக்கிற ஒரு சின்னத் தோட்டப் பாடசாலை, அங்கே நான் டீச்சர். பஸ் பேசுவது, பெற்றோரிடம் கையெழுத்து வாங்குவது, வாந்தி எடுக்கிற பிள்ளைகளை முன் சீட்டில் உட்கார வைப்பது எல்லாம் நான்தான். கண்டி தலதா மாளிகை, பேராதனைப் பூங்கா, சீத்தாஎலிய அம்மன் கோயில், ஹக்கல பூந்தோட்டம் என்று எத்தனை தடவை போயிருப்பேன் என்று எனக்கே தெரியாது. எந்தக் கோயில் வாசலில் செருப்பு காணாமல் போகும், எந்தப் பூங்காவில் காவல்காரர் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்க விடமாட்டார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஊரில் உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் ஊரைச் சுற்றிக் காட்டினேன். என் அப்பா கேட்டது ஒரே ஓர் இடம். அதற்கு மட்டும் எனக்கு நேரம் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்று எழுதும்போதே எனக்கு என்மேல் எரிச்சல் வருகிறது. நான் ஒதுக்கவில்லை, அதுதான் உண்மை.

அந்த இடத்தை அப்பாவின் லயத்து வரிசை வீட்டு வாசலில் நின்றாலே பார்க்கலாம். நல்லதண்ணியில் பிறந்த எங்களுக்குச் சிவனொளிபாத மலை சாமி மலையாவதற்கு முன்னால் வானிலை அறிக்கை. உச்சி தெரிந்தால் துணியைக் காயப் போடலாம், மூடியிருந்தால் விறகை உள்ளே எடுத்து வைக்க வேண்டும். மார்கழியில் சீசன் தொடங்கிவிட்டால் நாலா பக்கமிருந்தும் பஸ் பஸ்ஸாகச் சனம் வரும். சிங்களச் சனங்கள் புத்தர் பாதம் என்பார்கள், நாங்கள் சிவன் பாதம் என்போம், முஸ்லிம்கள் ஆதம் நபியின் பாதம் என்பார்கள். யார் பாதமாக இருந்தாலும் ஏறுகிறவர்களுக்கு வழியில் தேத்தண்ணி வேண்டும். தேத்தண்ணிக் கடைக்குச் சீனி வேண்டும், மா வேண்டும், சோடாப் போத்தல் வேண்டும், காஸ் சிலிண்டர் வேண்டும். அந்த மலைக்கு ரோடு கிடையாது, படிதான். அதனால் தூக்க ஆள் வேண்டும். அப்படித் தூக்குகிறவர்களை நாட்டாமி என்பார்கள். என் அப்பா மற்ற நாளில் தோட்டத் தொழிலாளி, சீசனில் நாட்டாமி.

காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, காட்டு வேலையை முடித்துவிட்டு, பின்னேரம் மலைக்குச் சாமான் தூக்கப் போவார். தோட்டத்தில் வேலை இல்லாத நாளில் விடியவே போய்விடுவார். மடித்த சாக்கைப் பிடரியில் போட்டு, அதன்மேல் மூட்டையை ஏற்றிக்கொண்டு, தரையை மட்டும் பார்த்தபடி ஏறுவார். உச்சிக்குக் கொஞ்சம் கீழே, கடைசிக் கடையின் பக்கத்தில், இடுப்பளவு உயரத்தில் ஒரு கல் இருக்கிறது. குனியாமல் அதன்மேல் சாமானை இறக்கலாம். இறக்கிவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, நாட்டாமிமார் அப்படியே திரும்பி இறங்குவார்கள். அந்தக் கல்லில் இருந்து உச்சிக்கு இன்னும் கொஞ்சப் படிதான். அவர்களில் ஒருவர்கூட அதை ஏற மாட்டார்.

அது அவர்களுக்குள் இருந்த ஒரு கட்டு. மலைக்குப் போகிறவர்கள் மீன், இறைச்சி தொடாமல் விரதம் இருந்து, குளித்து, வெள்ளை உடுத்திப் போவார்கள். நாட்டாமி மத்தியானம் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டுவிட்டுக் கூலிக்கு ஏறுகிறவர், அவர் சாமி மேடையை மிதிக்கக் கூடாது. இதைவிடப் பெரிய விதி ஒன்றும் இருந்தது. அடுத்தவர் சாமானைத் தூக்கிக்கொண்டு ஏறினால் அந்த ஏற்றம் சாமானுக்கு உரியவருக்குத்தான் சேரும். தூக்கினவர் ஏறினதாகவே ஆகாது. இதை எந்தப் பூசாரியும் சொல்லவில்லை, எந்த பிக்குவும் சொல்லவில்லை. நாட்டாமிமார் தாங்களாகவே வைத்துக்கொண்டது.

உச்சியில் ஒரு மணி தொங்குகிறது. எத்தனையாவது தடவை மலை ஏறியிருக்கிறோமோ அத்தனை தரம் அதை அடிக்க வேண்டும். முதல் தடவை வந்தவர் ஒன்று அடிப்பார், பத்தாவது தடவை வந்தவர் பத்து அடித்துவிட்டு எல்லோரையும் ஒரு பார்வை பார்ப்பார். அப்பா கல்லில் மூட்டையை இறக்கும்போது மேலே யாராவது ஏழு, எட்டு என்று அடிப்பது கேட்குமாம். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, "அப்பா, நீங்க எத்தன தடவ ஏறியிருப்பீங்க?" என்று கேட்டேன்.

"ஒரு தடவகூட இல்ல புள்ள" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அப்போது அவர் பிடரியில் தோல் உரிந்து கிடந்தது. அம்மா அதில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். எனக்கு அது வேடிக்கைப் பேச்சாகத்தான் பட்டது. பள்ளிக்கூடத்தில் போய், எங்கள் அப்பா தினமும் சாமி பாதத்தைத் தொட்டுக் கும்பிடுவார் என்று அளந்துவிட்டேன்.

அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அப்பா லயத்தில் தனியாக இருந்தார். தோட்டத்தில் பேர் வெட்டி ஓய்வு கொடுத்துவிட்டார்கள், மலைக்குத் தூக்கவும் உடம்பு விடவில்லை. நான் கல்யாணம் முடித்து ஹட்டனில் வாடகை வீட்டில் இருந்தேன். எங்களோடு வந்து இருங்கள் என்றால் வர மாட்டார். மாதத்துக்கு ஒரு தடவை நான் போவேன். ஒரு நாள் ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டுக்கொண்டே சொன்னார். "ஒரு தடவ வெறுங்கையோட ஏறணும்மா. மேல போயி ஒரே ஒரு மணி அடிச்சிட்டு வந்துறணும். நீயும் கூட வா."

சரி என்றேன். சரி சொல்வதற்கு என்ன வலிக்கவா போகிறது? அந்த வருசம் கொரோனா வந்தது. அடுத்து ஆமிக்காரர் சோதனை, முகக்கவசம். அதற்கடுத்து பெட்ரோல் வரிசை, பஸ் கிடையாது. இவையெல்லாம் நியாயமான காரணங்கள். அதற்குப் பிறகு வந்த சீசன்களில் எனக்கு இருந்தது வெறும் சாக்குப்போக்கு. பரீட்சைத் தாள், கொழுந்தனின் கல்யாணம், பிள்ளைகளின் சுற்றுலா. அப்பா ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் கேட்பார், சித்திரை வந்ததும் கேட்பதை நிறுத்திவிடுவார்.

ஒரு தடவை அவர் வாயை அடைக்கிற மாதிரி அவரை சீத்தாஎலியவுக்கும் ஹக்கலவுக்கும் கூட்டிப் போனேன். படி ஏற வேண்டியதில்லை, பஸ்ஸில் இருந்து இறங்கினால் கோயில், அடுத்த பஸ்ஸில் ஏறினால் பூந்தோட்டம். கோயிலில் ஓடைக்கரைப் பாறையில் உள்ள குழிகளைக் காட்டி, அனுமார் பாதம் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரியே அவருக்கும் விளக்கம் கொடுத்தேன். அவர் குனிந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். ஹக்கலவில் ரோசாப் பாத்திகளைச் சுற்றி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு விறைப்பாக நடந்தார். என்னைவிட வேகமாகத்தான் நடந்தார். ஒரு சரிவில் நான் மூச்சு வாங்கி நின்றபோது திரும்பி வந்து பக்கத்தில் நின்றுகொண்டார். எனக்குச் சின்ன வயதில் இருந்தே நெஞ்சில் இழுப்பு உண்டு, குளிர்ந்தால் வந்துவிடும். அதை யாரிடமும் காட்டிக்கொள்ள எனக்குப் பிடிக்காது, அவரிடம் சுத்தமாகப் பிடிக்காது.

"எப்பிடிப்பா தோட்டம்?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கு. எரு மூட்டைய இவங்க ரெண்டு பேரு சேந்து தூக்குறாங்க பாத்தியா?" என்றார். பூவையெல்லாம் விட்டுவிட்டு அவர் பார்த்தது அதைத்தான். திரும்பி வரும்போது பஸ்ஸில் நானூறு வளைவையும் சும்மா வந்துவிட்டு, ஹட்டனில் இறங்கும்போது கேட்டார். "அப்ப மலைக்கு எப்பம்மா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இவ்வளவு செலவழித்துச் சுற்றிக் காட்டியும் திருப்தியில்லை என்று முணுமுணுத்தேன். அவர் காதில் விழுந்திருக்கும்.

பிறகு கிளினிக்கில் அவருக்கு நெஞ்சு பலவீனம் என்று சொன்னார்கள். கால் வீங்கியிருந்தது. "நடக்கலாம், மெதுவா ஏறலாம், நின்னு நின்னு போங்க. பாரம் மட்டும் தூக்கவே கூடாது" என்றார் டொக்டர். நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவருக்குக் கேட்டது 'ஏறலாம்' என்பது மட்டும்தான் என்று முகமே சொன்னது. இனித் தள்ளிப்போட்டால் முடியாது என்று எனக்கும் பயம் வந்துவிட்டது. அந்த மாசியில், கூட்டம் குறைவான ஒரு வாரநாளில் லீவு போட்டேன்.

முதல் நாளே லயத்துக்குப் போய்விட்டேன். ஒரு வாரமாக அவர் மரக்கறிதான் சாப்பிட்டாராம், லயத்தில் அடுத்த காம்பிராவில் குடியிருக்கிறவர்கள் சொன்னார்கள். பரணில் கிடந்த கருவாட்டைக்கூட அவர்களுக்குக் கொடுத்துவிட்டார். விடியக்காலையில் குளிர்ந்த தண்ணீரில் குளித்து, என் கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். கையில் ஒன்றுமில்லை. குடைகூட எடுக்கவில்லை. சட்டைப் பையைத் தடவிப் பார்த்து, அதில் இருந்த மூக்குப்பொடி டப்பாவையும் எடுத்து மாடத்தில் வைத்துவிட்டார். நான் சுற்றுலா டீச்சர் ஆயிற்றே, என் முதுகில் பெரிய பை. தண்ணீர் போத்தல், இடியப்பப் பொட்டலம், சுவெட்டர், அவர் மருந்து, போனுக்கு மின்சாரம் ஏற்றுகிற கட்டை, மழைச் சட்டை இரண்டு.

வெளிச்சம் வரும்போது நடக்கத் தொடங்கினோம். கம்பளித் தொப்பியும் பிளாஸ்டிக் துப்பாக்கியும் விற்கிற கடைகளைத் தாண்டி, மகர தோரணத்துக்குக் கீழே போனோம். தோரணத்தைத் தாண்டினால் வெள்ளைத் தாதுகோபுரம், அதைச் சுற்றி வெட்டி ஒழுங்குபடுத்திய பூச்செடிகள். அப்பா ஒவ்வொரு இடத்திலும் நின்று நிமிர்ந்து பார்த்தார். "இந்த எடத்துல இப்பிடி ஒரு கோபுரம் இருக்கா?" என்றார். நான் சிரித்தேன். "எத்தன வருசம் இந்த வழியா போனீங்க?" என்றேன். "போனேன். யாரு பாத்தா? குனிஞ்சுகிட்டில்ல போறது, எறங்கும்போது பாதி நாளு இருட்டு" என்றார்.

நான் அவரைக் கோபுரத்துக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தேன். அந்தப் படத்தில் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிறார்.

படிகள் செங்குத்தாகத் தொடங்கிய இடத்தில் எனக்கு இழுப்பு வந்துவிட்டது. குளிர், பையின் பாரம், எல்லாமாகச் சேர்ந்து நெஞ்சைப் பிடித்தது. வீசிங் மருந்தை ஹட்டனிலேயே விட்டுவிட்டு வந்த புத்திசாலி நான். சொன்னால் அப்பா திரும்பிவிடலாம் என்பார். அதனால் மூச்சு முட்டும்போதெல்லாம் போனை எடுத்துப் படம் பிடிக்கிற மாதிரி நின்றேன். பனியைப் பிடித்தேன், கம்பி வேலியைப் பிடித்தேன், ஒரு நாயைக்கூடப் பிடித்தேன். அப்பா நின்று காத்திருந்தார். சுகமில்லாதவரை நான் கூட்டிப் போகிறேன் என்றுதான் என் நினைப்பு.

பாதி வழியில் ஒரு தேத்தண்ணிக் கடை. கடைக்காரர் அப்பாவோடு சேர்ந்து சாமான் தூக்கியவர். முழங்கால் போன பிறகு கடையில் உட்கார்ந்துகொண்டார். நான் சின்ன வயதில் இருந்தே மாமா என்று கூப்பிடுவேன். அப்பாவை வெள்ளைச் சட்டையில் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"அண்ணே! என்னாண்ணே மாப்பிள மாதிரி? வெறுங்கையாவா?"

"வெறுங்கையாத்தான்டா. இன்னைக்கு ஒண்ணு அடிச்சிட்டுத்தான் எறங்குறது."

மாமா தேத்தண்ணியோடு இஞ்சித் துண்டும் கொடுத்தார், காசு வாங்க மாட்டேன் என்று விட்டார். அவர்கள் இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கடைக்குப் பின்னால் போய்ப் பள்ளத்தாக்கைப் படம் எடுத்தேன், அதாவது நின்று மூச்சை இழுத்து இழுத்து விட்டேன்.

அங்கிருந்து கிளம்பிக் கொஞ்சத் தூரம்தான் போயிருப்போம், அப்பா தள்ளாடத் தொடங்கினார். ஒரு படியில் கால் வைத்து, பின்னால் சாய்ந்து, கம்பியைப் பிடித்தார். இரண்டு படி ஏறி மறுபடியும் சாய்ந்தார். நான் பயந்துபோய் உட்கார வைத்தேன்.

"என்னாப்பா செய்யுது? நெஞ்சு வலிக்குதா?"

"நெஞ்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. காலு நிக்க மாட்டேங்குது புள்ள. இந்தப் படியில பாரத்தோட ஏறித்தானே பழக்கம். பிடரி லேசா இருந்தா பின்னால இழுக்குது. அந்தப் பைய இப்பிடிக் குடு."

"டொக்டர் என்னா சொன்னாரு? பாரம் தூக்கக் கூடாதுன்னாருல்ல?"

"இது ஒரு பாரமா? காஸ் சிலிண்டர் தூக்கினவனப் பாத்து இத பாரங்குற."

நான் யோசித்தேன். யோசித்தேன் என்று சொல்வதும் பாதிப் பொய். தோள்பட்டை வார் நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தது, இறக்கி வைக்க மாட்டோமா என்று இருந்தது எனக்கு. அவர் கை நீட்டியதும் கழற்றிக் கொடுத்துவிட்டேன். அவர் அதை முதுகில் மாட்டாமல், தூக்கிப் பிடரியில் வைத்து வாரை நெற்றியில் போட்டுக்கொண்டார். குனிந்தார். அவ்வளவுதான், கால் ஒரு நூல் பிசகவில்லை. பழைய ஆள் திரும்பி வந்த மாதிரி ஏறினார். கீழே இருந்து வந்த சிங்களப் பிள்ளைகள் சிலர் வழிவிட்டு, "சீயா நல்ல பலசாலி" என்று அப்பாவைத் தாத்தாவாக்கி அவர்கள் மொழியில் சொன்னார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. எனக்கு மூச்சும் லேசாகிவிட்டது.

அதற்குப் பிறகு அவர் ஒரு இடத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் அதைக் கவனிக்கவில்லை.

கடைசிக் கடையைத் தாண்டினோம். மேலே மேடையின் வெள்ளைச் சுவர் தெரிந்தது. யாரோ மணி அடித்தார்கள், மூன்று. அப்பா அந்தக் கல்லுக்கு முன்னால் நின்றார். முதுகைத் திருப்பி, பையை அதன்மேல் இறக்கினார். பைக்குச் சேதம் வராமல் மெதுவாகத்தான் இறக்கினார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, கல்லுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார்.

"வாங்கப்பா, இன்னும் கொஞ்சந்தான்."

"நீ போயிட்டு வா."

"என்னாது?"

"சாமான் தூக்கிட்டு வந்துட்டேன்ல. உன் பையி, உன் ஏத்தம். நான் மேல வரப்படாது. நீ போயி அடி."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். கையைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. பை என்ன கூலிக்கா தூக்கினீர்கள், சொந்த மகளுடைய பைதானே என்றேன். "யாரு பையின்னாலும் ஒண்ணுதாம்மா" என்றார். சாமி இதையெல்லாம் பார்க்காது என்றேன். "சாமி பாக்காது. நான் பாத்துட்டேன்ல" என்றார். கீழே இறங்கி, பையை அங்கேயே வைத்துவிட்டு, கடையில் இருந்து வெறுங்கையோடு மறுபடி ஏறுவோம் என்றேன். அவர் தன் வீங்கிய காலைப் பார்த்தார்.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. லீவு போட்டது, விடிய எழுந்தது, நெஞ்சு அடைக்க ஏறியது எல்லாம் சேர்ந்துகொண்டது. சனம் பார்க்கப் பார்க்கக் கத்தினேன்.

"காலம் பூரா சுமந்தும் புத்தி வரலயே உங்களுக்கு! கூலிக்காரப் புத்தி! மேல ஏத்தினாலும் கல்லுகிட்டயே ஒக்காருது!"

அப்பாவின் முகம் செத்துப்போனது. ஒரு நிமிசம்தான். பிறகு, "போம்மா, மழ வரப்போகுது. பாத்துட்டு வா" என்றார்.

நான் விறுவிறென்று ஏறிப்போனேன். பாதத்தைக் கும்பிட்டேன், என்ன வேண்டினேன் என்று நினைவில்லை. நாலு பக்கமும் மலையும் நீர்த்தேக்கமுமாகப் பரந்து கிடந்தது, பார்க்க மனமில்லை. மணிக் கயிற்றைப் பிடித்து எனக்காக ஒன்று அடித்தேன். பிறகு, வீம்புக்கு, இன்னொன்று அடித்தேன்.

இறங்கி வந்தபோது அப்பா அதே இடத்தில் இருந்தார். "ரெண்டு கேட்டுச்சே" என்றார்.

"ஒண்ணு உங்களுக்கு."

"ஒருத்தர் ஏத்தத்த இன்னொருத்தர் அடிக்கப்படாதும்மா" என்றார். கோபமாக இல்லை. பாடத்தில் தப்புவிட்ட பிள்ளையிடம் நான் பேசுவேனே, அந்தக் குரலில்தான் சொன்னார். பிறகு, "அடுத்த சீசன் பாப்பம்" என்றார்.

இறங்கும்போது பையை நானே மாட்டிக்கொண்டேன். அவர் வெறுங்கையோடு, கம்பியைப் பிடிக்காமல், ஒரு தடவைகூடத் தள்ளாடாமல் இறங்கினார். இறக்கத்தில் கால் அப்படித்தான் போலும் என்று நினைத்தேன். மாமாவின் கடையைத் தாண்டும்போது மாமா ஒன்றும் கேட்கவில்லை, தலையைக் குனிந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். சொன்ன வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்கலாம் என்று வழி பூராவும் நினைத்தேன். லயத்துக்குப் போய்க் கேட்கலாம் என்று விட்டேன். லயத்தில் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பிறகு அது அப்படியே போய்விட்டது.

ஆடி மழையில் அப்பா இறந்தார். வாசலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்திருக்கிறார். நான் ஐந்தாம் வகுப்பில் நின்றுகொண்டிருந்தேன், போன் வந்தது. அன்றைக்கு மலை மூடியிருந்தது என்று அடுத்த காம்பிராவில் சொன்னார்கள். அந்தப் பை அவர் நெஞ்சை என்ன செய்தது என்று நான் எந்த டொக்டரிடமும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

சாமான்களை ஒதுக்கும்போது பரணில் அவருடைய பழைய சாக்கு கிடைத்தது. பிடரி பட்ட இடம் கறுத்துப் பளபளவென்று இருந்தது.

அடுத்த சீசனில் தனியாகப் போனேன். கையில் பை இல்லை, சாக்கை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டேன். மேலே போய் மணி அடிக்க வேண்டும் என்றுதான் போனேன். இரண்டாவது தடவை ஏறுகிறேன், இப்போது இரண்டு அடித்தால் யாரும் தப்புச் சொல்ல முடியாது. அதில் ஒன்றை அப்பாவுக்கு என்று மனதுக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு கள்ள எண்ணம்.

மாமாவின் கடையில் நின்றேன். மாமா சாக்கைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தேத்தண்ணி ஊற்றினார். நான் அந்த நாளைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். மனதில் இருந்ததை யாரிடமாவது கொட்ட வேண்டும் போல் இருந்தது. "பாரமில்லாம கால் நிக்கலன்னு தள்ளாடுனாரு மாமா. நான்தான் புத்தி கெட்டுப்போயி பையத் தூக்கிக் குடுத்துட்டேன்" என்றேன்.

மாமா என்னையே பார்த்தார். "ஒனக்கு ஒண்ணும் தெரியாதாம்மா?" என்றார்.

"என்னா மாமா?"

"தள்ளாடுனாரா, உங்கப்பாவா? அந்த மனுசன் கயித்து மேலயும் நடப்பாரு. ஒனக்குத்தான் அன்னைக்கு ஒதடெல்லாம் நீலம் பாஞ்சு கெடந்துச்சு. நீ பின்னால நின்னு படம் புடிச்சுகிட்டு இருந்த. இந்தப் பெஞ்சுலதான் ஒக்காந்து சொன்னாரு. 'புள்ளைக்கு இழுப்பு வந்துருச்சுடா. வீம்பு புடிச்சவ, சொல்ல மாட்டா. பையக் கேட்டாலும் டொக்டர் சொன்னத சொல்லுவா. காலு நிக்கலன்னு சொல்லித்தான் வாங்கணும்' அப்பிடின்னாரு. அண்ணே, பையத் தொட்டா இந்தத் தடவையும் மணி போச்சேண்ணேன்னு நான் சொன்னேன். 'போனாப் போகுது. புள்ள மூச்சு விடட்டும்'னாரு."

நான் தேத்தண்ணியைக் கீழே வைத்தேன். நான் படம் பிடிக்கிற மாதிரி நடித்தேன், அவர் தள்ளாடுகிற மாதிரி நடித்தார். என் நடிப்பை அவர் ஒரு நொடிகூட நம்பவில்லை. அவர் நடிப்பை நான் ஒரு வருசம் நம்பியிருந்தேன். வெறுங்கையோடு ஏற வேண்டும் என்று பொடி டப்பாவைக்கூட எடுத்து வைத்துவிட்டு வந்த மனுசனை, கல்லுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துக் கூலிக்காரப் புத்தி என்று கத்தியிருக்கிறேன். அதைக் கேட்டுவிட்டும், மழை வரப்போகிறது, பார்த்துவிட்டு வா என்றார். அந்த இடத்தில் அவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அழுகை வரவில்லை. மாமா ஏதோ சொன்னார், காதில் ஏறவில்லை. எழுந்து படி ஏறினேன்.

எப்படி ஏறினேன் என்று தெரியாது. கல் இருந்த இடத்துக்கு வந்ததும் கால் நின்றுவிட்டது. சாக்கைக் கல்லின்மேல் விரித்து அதில் உட்கார்ந்தேன். மேலே யாரோ மணி அடித்தார்கள். ஒன்று. முதல் தடவை வந்தவர் போலிருக்கிறது, அதற்குப் பிறகு கைதட்டலும் சிரிப்பும் கேட்டன. இன்னும் கொஞ்சப் படிதான். இரண்டு அடிக்கலாம், உரிமையோடு அடிக்கலாம். என்னால் எழும்ப முடியவில்லை.

எவ்வளவு நேரம் இருந்தேனோ, பக்கத்தில் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. நடுத்தர வயதுக்காரர் ஒருவர், பிடரியில் காஸ் சிலிண்டர், தலை நிமிர முடியாமல் என் காலைப் பார்த்தபடி நின்றார்.

"அக்கா, கொஞ்சம் எந்திரிங்க. இது சாமான் எறக்குற கல்லு."

எழுந்து சாக்கை எடுத்துக்கொண்டேன். அவர் முதுகைத் திருப்பி சிலிண்டரை இறக்கினார். முகத்தைத் துடைத்தார். மேலே ஒரு தடவைகூடப் பார்க்காமல் திரும்பி இறங்கத் தொடங்கினார்.

நானும் அவர் பின்னாலேயே இறங்கினேன்.